பாஸ்குக்காரர்

நவம்பர் 6

பயிற்சியாளர் உரிமத்துக்குப் படித்தபோது பாடம் நடத்தியவர், தினமும் டைரி எழுதுங்கள் என்று சொன்னார். தலைமைப் பயிற்சியாளர் ஆகும் அன்று ஆரம்பிக்கலாம் என்று தள்ளிப்போட்டு வந்தேன். இன்று ஆரம்பிக்கிறேன். ஆனால் தலைமைப் பயிற்சியாளர் ஆகவில்லை.

காலையில் முதலாளி கூப்பிட்டனுப்பினார். குமரி அலை கால்பந்து கிளப்பின் முதலாளி ததேயு, மீன் ஏற்றுமதிக்காரர். பழைய கோச் விலகிப் போன பிறகு அந்த நாற்காலி ஒரு மாதமாகக் காலியாகக் கிடக்கிறது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். என் மனைவி பிலோமி பாயசத்துக்குச் சேமியா வறுத்துக்கொண்டிருந்தாள்.

“வேய் பெர்க்மான்ஸ், ஸ்பெயின்லருந்து ஒருத்தர கொண்டு வாறேன். அங்க பெரிய பார்வேர்டாம். இப்ப கோச்சு. நீரு அவருக்குத் தொணையா நில்லும்.”

“நான் பதினோரு வருசமாட்டு இங்கதான முதலாளி நிக்கேன்?”

“அதத்தான் சொல்லுகேன். நின்னு பழகின ஆளு நீரு. இன்னும் கொஞ்சம் நில்லும்.”

நானும் பார்வேர்டுதான். சந்தோஷ் டிராபியில் தமிழ்நாட்டுக்கு ஆடியவன். ஒன்பதாம் நம்பர் சட்டை போட்டவன். அதைச் சொல்ல நினைத்தேன். அதற்குள் முதலாளிக்குப் போன் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பாயசத்தில் இனிப்பு ஜாஸ்தி என்று பிலோமியிடம் சத்தம் போட்டேன்.

நவம்பர் 7

பந்துகளுக்குக் காற்றடித்தேன். வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

நவம்பர் 11

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் போய் அழைத்து வந்தேன். என் வயதுதான் இருக்கும். தலையில் முடி அப்படியே இருக்கிறது. வயிறு என்ற ஒன்று கிடையாது. பெயர் கோல்டோ. பெயரிலேயே கோல் இருக்கிறது, சனியன்.

மைதானத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, “இவர் ஸ்பெயினிலிருந்து வந்திருக்கும் நம் புதிய கோச்” என்றேன். ஸ்பெயின் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே அவர் விரலை ஆட்டினார். “ஸ்பெயின் இல்லை. பாஸ்க். நான் பாஸ்க்.” ஸ்பெயினுக்குள்ளேயே அவர்கள் பகுதி தனியாம், மொழியும் தனியாம்.

டிபன்ஸில் ஆடும் கேப்டன் ஆன்சலம் கண்ணை விரித்தான். “பாஸ்கா? எங்க ஊர்ல பெரிய வெள்ளிக்கு மேட போட்டு நாடகம் நடத்துவாவளே, அந்தப் பாஸ்கா சார்? இவரு அதுல ஏசுவா, யூதாசா?”

எல்லோரும் சிரித்தார்கள். விஷயம் புரியாமல் அவரும் சேர்ந்து சிரித்தார். அந்த நிமிடத்திலிருந்து அவருக்குப் பாஸ்குக்காரர் என்று பெயர். முகத்தைப் பார்த்தால் யூதாஸ் வேஷம்தான் பொருந்தும் என்று நான் ஆன்சலத்திடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

நவம்பர் 15

அவருக்குத் தெரிந்தது அரைகுறை இங்கிலீஷ். எனக்குத் தெரிந்ததும் அதேதான். இரண்டு அரைகுறையும் சேர்ந்தால் ஒரு முழுசு என்று முதலாளி கணக்குப் போட்டிருக்கிறார். அவர் சொல்வதைப் பையன்களுக்குத் தமிழில் சொல்வதுதான் என் வேலை. பதினோரு வருட உழைப்புக்கு மைக்செட் உத்தியோகம்.

இன்று ஒரு வேடிக்கை. நல்ல பாஸ் போட்டாலோ சரியான இடத்தில் போய் நின்றாலோ அவர் “பாய்! பாய்!” என்று கத்துகிறார். நடுக்களத்தில் ஆடும் சாகுலை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பாவம், ஒவ்வொரு தடவையும் திரும்பித் திரும்பிப் பார்த்து, நெஞ்சில் கை வைத்து, “என்னையா சார்?” என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியெல்லாம் போனில் அக்காவிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். கேட்டேன். அவர்கள் மொழியில் அதற்கு ‘ஆமாம், சரி’ என்று அர்த்தமாம். இதைப் பையன்களிடம் நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன்.

நவம்பர் 19

ஞாயிறு. பூசைக்குப் போய் வந்து மத்தியானம் முழுக்கப் போனில் பாஸ்குக்காரரின் பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்த்தேன். தொழிலுக்காகத்தான்.

கடலோரத்தில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவர். அப்பா படகுக்காரர். பதினெட்டு வயதில் அவர்கள் நாட்டுப் பெரிய கிளப்பில் சேர்ந்திருக்கிறார். அந்தக் கிளப்பில் பாஸ்க் மண்ணைச் சேர்ந்தவர்கள் மட்டும்தான் ஆடலாமாம். அதை அதிசயம்போலச் சொல்லி ஒரு படமே எடுத்து வைத்திருக்கிறார்கள். எங்கள் கடற்கரைத் துறையிலும் அதுதானே சட்டம்? நம்ம கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவன் மட்டும்தான் நம்ம டீமில் ஆடலாம். பக்கத்துத் துறைக்காரனைச் சேர்த்தால் அடிதடி. எங்களை யார் படம் எடுத்தார்கள்?

அவர் தலையால் அடித்த ஒரு கோலைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அறுபதாயிரம் பேர் எழுந்து நிற்கிறார்கள். நல்ல கோல் என்று சொல்ல மாட்டேன். ஆஃப்சைடு மாதிரி தெரிந்தது.

முழங்கால் போனதும் ஆட்டத்தை நிறுத்தியிருக்கிறார். என் முழங்காலும்தான் போனது. அவருக்கு ஜெர்மனியில் ஆபரேஷன். எனக்குத் திங்கள்சந்தை வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டு. அதன் பிறகு கோச். முதல் வருடமே ஒரு டீமை மேல் டிவிஷனுக்கு ஏற்றிவிட்டார். அடுத்த வருடம் அவர்களே வெளியே தள்ளிவிட்டார்கள். பிறகு சைப்ரஸ், மெக்சிகோ, பொலிவியா. எல்லா ஊரிலும் பாதியிலேயே கழற்றிவிடப்பட்டிருக்கிறார். இதைப் படித்ததும் மனசு லேசாகிவிட்டது. பிலோமியிடம் இன்னொரு கரண்டி சோறு கேட்டேன்.

நவம்பர் 26

முதல் ஆட்டம். இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். ரொம்ப வருத்தம்.

வரும் வழியில் பரோட்டாவும் பீஃப் ரோஸ்ட்டும் பார்சல் வாங்கிக்கொண்டு போனேன். பிலோமி பொட்டலத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“தோத்துட்டுல்லா வந்திருக்கீங்க?”

“ஆமா. அதுக்கென்ன, பட்டினி கெடக்கணுமா?”

“இல்ல, ஜெயிச்ச அண்ணக்கிகூட நீங்க பார்சல் வாங்கினது இல்ல. அதான் கேட்டேன்.”

டிசம்பர் 3

மறுபடியும் தோல்வி. முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஓமக்கு என்ன தோணுகு?” என்று கேட்டார். “நல்ல மனுசன்தான் முதலாளி. நம்ம ஊரு சூடு ஒத்துக்கிடல போல” என்றேன். யாரையும் குறை சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

டிசம்பர் 10

ஜெயித்தோம். சாகுல் இரண்டு கோல் அடித்தான்.

நாலு வருடமாக நடுக்களத்தில் நடைபயணம் போய்க்கொண்டிருந்த பயல், இன்று பேய் பிடித்த மாதிரி ஓடினான். ஆட்டம் முடிந்து கட்டிப்பிடித்துக்கொண்டு சொல்கிறான்: “சார், கோச்சுக்கு எம்மேல உயிரு. ஆட்டம் முழுக்க என்னயேதான் கூப்பிடுகாரு. இதுக்கு முந்தி எந்தக் கோச்சும் என் பேரக்கூட சொன்னதில்ல சார்!”

அது ‘ஆமாம்’ என்று அர்த்தம்டே, உன்னை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் கண்ணெல்லாம் தண்ணீர். சொல்லாமல் விட்டேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குப் பலன் யாருக்குப் போகிறது பாருங்கள்! சாகுலைக் கண்டெடுத்த கோச் என்று நாளைக்குப் பேப்பரில் போடுவான்.

பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது. பிளம்பருக்குச் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 25

பிலோமி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பாஸ்குக்காரரைக் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டாள். “பாவம் மனுசன், பண்டிகையும் அதுவுமா லாட்ஜுல தனியாட்டு கெடக்காரு” என்கிறாள். நான் பிரம்மச்சாரியாக மதராஸ் லாட்ஜில் கிடந்தபோது எவனாவது கூப்பிட்டானா?

கேக்கும் வைன் பாட்டிலுமாக வந்தார். ஆட்டுக்கறி, கோழி எல்லாம் இருக்க, நெத்திலிப் பொரியலைத் தட்டோடு இழுத்து வைத்துக்கொண்டார். தலை, முள் எதையும் விடவில்லை. அவர் ஊரிலும் நெத்திலிதானாம். “அமா, அமா” என்று சொல்லி, வாணலியில் புரட்டுவதுபோலக் கையை ஆட்டினார்.

“அவருக்க அம்மையச் சொல்லுகாரு!” என்று பிலோமி துள்ளினாள். “அவிய பாசையிலயும் அம்மதானாங்க!”

அதற்குப் பிறகு என்னைக் கேட்பார் இல்லை. என் மனைவிக்கு இங்கிலீஷ் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். நடுவில் நான் மொழிபெயர்க்கப் போனால், “நீங்க சும்ம இரிங்க, எனக்கு மனசிலாவுகு” என்கிறாள். கல்யாணமாகி இருபத்திமூன்று வருடத்தில் நான் நெத்திலி சாப்பிட்டு அவள் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

அவர் போன பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

“ஒங்களுக்குப் பொறாம” என்றாள்.

“எனக்கா? அந்தாளு மேலயா? நாலு ஊர்ல தொரத்தி விட்ட ஆளுட்டி அவன்.”

“அந்தக் கணக்கெல்லாம் எதுக்குப் பாத்து வச்சிருக்கீங்க?”

எழுந்து போய்க் கை கழுவினேன். இரைந்து பேசினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

ஜனவரி 8

ஒன்றுக்கு ஒன்று டிரா. நாங்கள் அட்டவணையில் கீழே கிடக்கிறோம். கடைசி ஆட்டம் 21ஆம் தேதி, தூத்துக்குடி டீமோடு. தோற்றால் கீழ் டிவிஷன். டிரா ஆனாலே போதும், தப்பித்துக்கொள்ளலாம்.

முதலாளி காரில் ஏறும்போது என் தோளில் கை போட்டார். பதினோரு வருடத்தில் முதல் தடவை. “தோத்தா அவர ஏத்தி அனுப்பிருவேன் வேய். அடுத்த சீசனுக்கு நீருதான். மனசுல வச்சுக்கிடும்.”

மனசில் வைத்துக்கொண்டேன். அதை மட்டும்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 18

தூத்துக்குடிக்காரர்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு விங்கிலும் இரண்டு பேர், குதிரை மாதிரி. எதிராளி மேலே ஏறி வரட்டும் என்று காத்திருந்து, பின்னால் காலியான இடத்தில் புகுந்து அடிக்கிறார்கள். நம் ஆட்கள் முன்னால் ஏறினால் செத்தோம். பின்னால் நின்றால் பிழைத்தோம். இதைப் பாஸ்குக்காரரிடம் அப்படியே சொன்னேன். அவரும் அதையேதான் நினைத்திருந்தார். கையைக் குலுக்கினார்.

கீழ் டிவிஷன் என்றாலும் தலைமைப் பயிற்சியாளர் தலைமைப் பயிற்சியாளர்தானே என்று ராத்திரி சாப்பிடும்போது பிலோமியிடம் பொதுவாகச் சொன்னேன். அவள் ரசத்தை ஊற்றினாள்.

ஜனவரி 21

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் பாதியில் ஒன்றுக்கு ஒன்று. இரண்டாம் பாதியிலும் அப்படியே போனது. வெயில் தாங்காமல் எழுபதாவது நிமிடத்தில் தண்ணீருக்கு நிறுத்தினார்கள். பையன்கள் என்னைச் சுற்றிக் கூடினார்கள். பாஸ்குக்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்றார். “எல்லோரும் பின்னால். கீழே இறங்கி நில்லுங்கள். டிரா போதும்” என்றார். தெளிவாகத்தான் சொன்னார்.

நான் சொன்னேன்: “முன்னால போங்கடே. எல்லாரும் முன்னால. டிபன்சும் ஏறுங்க.”

ஆன்சலம் என்னைப் பார்த்தான். “டிபன்சுமா சார்?”

“கோச்சு சொல்லுகாரு. நீ ஏறு.”

போனார்கள். அடுத்த நிமிடமே தூத்துக்குடிக்காரன் ஒருத்தன் தனியாகப் பந்தோடு வந்து அடித்தான், கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நான் பெஞ்சிலிருந்து எழுந்து கோட்டுக்கே போய்விட்டேன். எதற்கு என்று இப்போது எழுதத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர்களால் வெளியே வரவே முடியவில்லை. நம் ஆட்கள் பத்துப் பேரும் அவர்கள் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். எண்பத்தைந்தாவது நிமிடம் கார்னர். ஆன்சலம், டிபன்ஸில் நிற்க வேண்டிய ஆன்சலம், தலையால் அடித்தான். கோல்.

ஜெயித்துவிட்டோம்.

முன்னால் போவதுதான் சரி என்று எனக்குத் தோன்றியது. பார்வேர்டுக்குத்தான் அது தோன்றும். அதனால் சொன்னேன். வேறு காரணம் இல்லை.

ஜனவரி 22

பேப்பரில் பெரிய போட்டோ. ‘டிரா போதும் என்ற நிலையிலும் துணிந்து தாக்கிய பாஸ்க் சிங்கம்.’ சிங்கமாம்! சிங்கம் சொன்னது பின்னால் இறங்கச் சொல்லி. முன்னால் அனுப்பியது நான். என் வாழ்நாளில் ஒரு ஆட்டத்தின் தலையெழுத்தையே மாற்றியிருக்கிறேன், அதற்கு மாலை அவன் கழுத்தில்.

நான்தான் சொன்னேன் என்று முதலாளியிடம் போய்ச் சொல்லலாம். சொன்னால், கோச் சொன்னதை ஏன் மாற்றினீர் என்று கேட்பார். ஜெயிக்கத்தான் என்று சொல்வேன். அப்படியானால் பின்னால் நின்றால்தான் பிழைப்போம் என்று 18ஆம் தேதி நீர்தானே சொன்னீர் என்று பாஸ்குக்காரர் கேட்பார்.

வயிறு எரிகிறது. ஜெலூசில் குடித்தேன். கேட்கவில்லை.

ஜனவரி 25

பாஸ்குக்காரர் சாயங்காலம் சங்குத்துறை பீச்சுக்கு வரச் சொன்னார். சுக்குக் காப்பி வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தோம். அவருடைய ஊர்க் கிளப், சின்னக் கிளப்தான், கூப்பிட்டிருக்கிறதாம். அம்மாவுக்கும் வயதாகிவிட்டது, போகிறேன் என்றார். எனக்குச் சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, “ஐயோ, அப்படியா?” என்றேன்.

அப்புறம் அவர் சொன்னார். கைகால் அசைத்து, அரைகுறை இங்கிலீஷில் சொன்னதை என்னால் முடிந்தவரை எழுதுகிறேன்.

“அன்று நான் பின்னால் என்றேன். நீ ‘முன்னால’ என்றாய்.”

‘முன்னால’ என்பதைத் தமிழிலேயே சொன்னார். இந்த இரண்டு வார்த்தையும் மைதானத்தில் நாள் முழுக்கக் கேட்கிறவை. முதல் வாரத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு ஏன் அது உறைக்கவில்லை?

“நான் நிறுத்தியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்தேன். சரி, போகட்டும் என்று விட்டேன்.”

“ஏன்?”

“எனக்கு எத்தனையோ உதவியாளர்கள் இருந்திருக்கிறார்கள், பெர்க்மான்ஸ். என் பேச்சை மீறியவர்களும் உண்டு. நான் விழ வேண்டும் என்றுதான் மீறினார்கள். விழுந்தேன். ஜெயிக்க வேண்டும் என்று மீறியவன் நீ ஒருத்தன்தான்.” காப்பியை உறிஞ்சிவிட்டு என்னைப் பார்த்தார். “அப்படித்தானே?”

அந்த முகத்தில் என்ன இருந்தது என்று இன்னும் யோசிக்கிறேன். நம்பித்தான் கேட்டாரா, தெரிந்துகொண்டே கேட்டாரா? சிரித்த மாதிரியும் இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது.

தலையாட்டினேன். ஆமாம் என்று நன்றாகவே ஆட்டினேன்.

“முதலாளியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன்” என்றார்.

ஜனவரி 27

நாற்காலி எனக்கு.

“ஒம்ம தைரியத்துக்குத்தான் வேய் இது” என்றார் முதலாளி. “அவரு சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. என்ன மனுசன்! தனக்கு வந்த பேரத் தூக்கி ஓமக்குத் தந்துட்டுல்லா போறாரு!”

அதாவது, நாற்காலியையும் அவன்தான் போட்டுவிட்டுப் போகிறான். நானாக உட்கார்ந்த மாதிரி ஆகவில்லை. போகிற போக்கில் பெரிய மனுஷன் பட்டத்தையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போகிறான்.

பிலோமி பாயசம் வைத்தாள். கிண்டிக்கொண்டே முதுகைக் காட்டியபடி கேட்டாள்: “ஜெயிக்கணும்னுதான் சொன்னீங்களா?”

“பின்ன எதுக்குச் சொல்லுவேன்?”

அவள் கிண்டுவதை நிறுத்தவில்லை. “செரி. இனிப்பு போதுமான்னு பாருங்க” என்றாள்.

போதும் என்றேன். வாயில் ஒன்றும் தெரியவில்லை.

பிப்ரவரி 19

அடுத்த சீசனுக்கு மணிப்பூரிலிருந்து மூன்று பேரை முதலாளி எடுத்திருக்கிறார். நல்ல கால்கள். ஆனால் தமிழும் வராது, இங்கிலீஷும் வராது. அவர்கள் மொழியை விட்டால் இந்திதான். எனக்கு இந்தியில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. அதனால் கிளாட்ஸ்டன் என்பவனை எனக்கு உதவியாளராகப் போட்டிருக்கிறார்கள். பட்டாள டீமில் பார்வேர்டாக ஆடியவன். இந்தி தண்ணீர் பட்ட பாடு. தலைமைப் பயிற்சியாளர் வேலைக்கு அவனும் மனுப் போட்டிருந்தானாம். முதலாளியே சொன்னார். என்னைப் பார்த்ததும் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்து, “ஒங்களுக்குக் கெடச்சதுல ரொம்ப சந்தோசம் சார்” என்றான்.

இன்று பயிற்சியில் அந்த மூன்று பேரையும் நிறுத்தி, “பொறுமையா ஆடச் சொல்லு. பந்தை விட்டுரப்பிடாது” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கிளாட்ஸ்டன் இந்தியில் சொல்ல ஆரம்பித்தான். சொல்லிக்கொண்டே இருந்தான். நான் சொன்னது இவ்வளவு நீளமா? மூன்று பேரும் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

“என்னடே சொன்ன?”

“நீங்க சொன்னதத்தான் சார்.”

முகத்தை உற்றுப் பார்த்தேன். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நல்ல பையனாகவும் இருக்கலாம். எப்படித் தெரியும்?

திரும்பும் வழியில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இந்தி கற்றுக்கொள்ளும் புத்தகம் ஒன்று வாங்கினேன். ஐம்பத்தொரு வயதில். கடைக்காரர் பேரனுக்கா என்று கேட்டார், ஆமாம் என்றேன். பிலோமி புத்தகத்தைப் பார்த்துவிட்டு, விழுந்து விழுந்து சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

முன்பக்கத்தில் எழுத்துகள், எண்கள், உறவு முறைகள் எல்லாம் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிப் புரட்டி, எனக்கு வேண்டிய இரண்டைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆகே என்றால் முன்னால். பீச்சே என்றால் பின்னால்.